ஐந்து படி அரிசி, இரண்டு பந்தி

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பொன்னி என்றால் ஆறு. கடைக்குப் போனால் பொன்னி என்பது அரிசி. புத்தக அலமாரியைத் திறந்தால் கல்கி. 'பொன்னியின் செல்வன்' எப்படிப் படமானது, அதற்கு அடுத்த பாகம் என்று ஒன்று வந்தால் எப்படி வரவேண்டும் என்று கேட்டால், நான் அடுப்படியிலிருந்துதான் பதில் சொல்லத் தொடங்குவேன்.

முதலில் அரிசி. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை கல்கி இந்த நாவலைத் தன் பத்திரிகையில் வாரா வாரம் எழுதினார். தினம் உலை வைக்கிற வீட்டுச் சமையல் அது. இன்றைக்குச் சாப்பிட்டவர் நாளைக்கும் பசியோடு வரவேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் யாராவது சுரங்கத்தில் விழுவார்கள், அல்லது திரைக்குப் பின்னால் ஒரு வளையல் குலுங்கும். படம் அப்படியில்லை. அது கல்யாண விருந்து. வந்தவர் ஒரே உட்காரலில் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு போய்விடுவார்.

ஐந்து பாகத்திலும் சேர்த்து 293 அத்தியாயங்கள். இரண்டு படமும் சேர்ந்தால் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். கணக்குப் போட்டால் ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடமும் சில நொடிகளும் கிடைக்கின்றன.

அவ்வளவையும் எப்படி அடக்குவது? வெட்டிப் போட்டால் அடங்காது, வற்ற வைக்கவேண்டும். வத்தக்குழம்பு கொதிக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு சொம்பு புளித்தண்ணீர் சுண்டிச் சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்போது இரண்டு கரண்டியாக நிற்கும். குறைந்தது தண்ணீர்தான், காரமும் புளிப்பும் அப்படியே இருக்கின்றன. கதைநாயகன் வந்தியத்தேவனும் ஒற்றன் ஆழ்வார்க்கடியானும் பல அத்தியாயங்களில் வாயடித்துத் தீர்ப்பதைத் திரையில் ஒரே வழிநடைக்குள் சுண்டவைக்கலாம். திரைக்கதையில் மணிரத்னம், ஜெயமோகனோடு கைகொடுத்தவர் இளங்கோ குமரவேல். 1999-இல் மேஜிக் லாந்தர் குழு இதே நாவலை மேடையேற்றியபோது நாடகமாக்கியவரும் அவரே. ஏற்கனவே ஒருமுறை இந்த அரிசியை வடித்துப் பதம் பார்த்த கை.

அடுத்தது தாளிப்பு. பொரியலுக்கு முதலில் தாளிக்கவேண்டும், சாம்பாருக்குக் கடைசியில் கொட்டினால் போதும். கல்கி சாம்பார்க்காரர். ஆடிப்பெருக்கு நாள், வீரநாராயண ஏரிக்கரை, தனியாகக் குதிரையில் வரும் வந்தியத்தேவன் என்று சாவகாசமாகத் தொடங்குகிறார். படமோ ராட்டிரகூடர்களோடு பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் மோதும் போரில் கடுகைப் பொரியவிடுகிறது. தியேட்டரில் பாப்கார்னோடு உட்கார்ந்தவரை ஏரிக்கரைக் காற்றை வைத்து எவ்வளவு நேரம் பிடித்துவைக்க முடியும்? வேடிக்கை என்னவென்றால், ஊரே போர்க்கதை என்று நினைக்கும் இந்த நாவலில் நேரடியான போர்க்களம் மிகக் குறைவு. ஒற்றர், ஓலை, சதி, படகு, இவற்றால்தான் கதை ஓடுகிறது. போர் என்பது படம் சேர்த்த காரம். இரண்டாவது படத்தின் கடைசியிலும் ராட்டிரகூடரோடு ஒரு கைப்பிடி சேர்த்தார்கள்.

இனி எதை விடுவது என்ற கேள்வி. இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். முருங்கைக்காய் கிடைக்காத நாளில் கத்தரிக்காய் போட்டாலும் சாம்பார் சாம்பார்தான், புளியை விட்டால் அது வேறு பண்டம். அரியணைக்குப் போட்டியிடும் மதுராந்தகனும் பூக்காரச் சேந்தன் அமுதனும் பிறந்தவுடன் இடம் மாறிய ரகசியத்தைப் படம் எடுத்துவிட்டது. நாவல் வாசகர்கள் பலர் கொதித்தார்கள். என் கணக்கில் அது முருங்கைக்காய். அதை எடுத்ததால் ஐந்தாம் பாகத்தின் முடிச்சுகள் பல தாமாகவே அவிழ்ந்து, நேரம் மிச்சமானது. ஆனால் வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனின் தங்கை மணிமேகலையையும் விட்டுவிட்டார்களே, அவள் புளி. கரிகாலனைக் கொன்றது தான்தான் என்று சொல்லி, வந்தியத்தேவன் மேல் விழும் பழியைத் தன் தலையில் ஏற்கத் துணிந்து, கடைசியில் அவன் மடியில் உயிரை விடுகிறவள். அந்த ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர். முடிதுறந்த அருள்மொழி, பின்னாளைய ராஜராஜன், ஒரு சிகரம் என்றால் அவள் இன்னொரு சிகரம் இல்லையா?

விட்டதற்குக் காரணம் பந்தியைப் பிரித்த விதம் என்று நினைக்கிறேன். 2022 செப்டம்பர் 30-இல் வந்த முதல் படம் ஏறக்குறைய முதல் இரண்டு பாகங்களைப் பரிமாறியது, அதாவது 110 அத்தியாயங்கள். 2023 ஏப்ரல் 28-இல் வந்த இரண்டாவதன் தலையில் மிச்சம் 183. ஐந்தாம் பாகம் மட்டுமே 91. முதல் பந்தியில் அத்தியாயத்துக்கு ஒன்றரை நிமிடம், இரண்டாம் பந்தியில் ஒரு நிமிடம்கூட இல்லை. இரண்டையும் ஒரே உலையில் சேர்த்துச் சமைத்ததால், அதாவது ஒன்றாகவே படம் பிடித்ததால், ருசியில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் பரிமாறும் வேகம் கூடிவிட்டது. ரசத்துக்குச் சோறு பிசைவதற்குள் இலையில் மோர் வந்து விழுந்த மாதிரி. மூன்று பந்தி போட்டிருக்கவேண்டிய விருந்து இது.

பந்தியைக் கூட்டுவதிலும் ஆபத்து உண்டு. 'தி ஹாபிட்' என்ற ஒற்றை நாவலை 2012 முதல் 2014 வரை மூன்று படமாக நீட்டினார்கள். ஆழாக்கு அரிசியை அண்டாத் தண்ணீரில் போட்டால் கஞ்சிதான் கிடைக்கும்.

சரி, இனி ஒரு பாகம் என்றால்? விட்டுப்போன காட்சிகளைச் சூடுபண்ணிப் பரிமாறுவது சரிவராது. அதைவிட நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் பழையதாகச் சாப்பிடுவது மேல். அரிசி அதேதான், ஆனால் ராத்திரி முழுக்கப் புளித்து வேறு உணவாகியிருக்கும். இதற்குப் பிற சமையற்காரர்களின் கைப்பக்குவமும் இருக்கிறது. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கல்கி நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தார். அகிலன் 'வேங்கையின் மைந்த'னில் ராஜராஜனின் மகன் ராஜேந்திரனுக்குப் போனார், 1963-க்கான சாகித்திய அகாதமி விருது அதற்குக் கிடைத்தது. பாலகுமாரனின் 'உடையார்' பெரிய கோயிலைக் கட்டிய கதை. கல்கியின் எழுத்து 1999-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டது, யார் வேண்டுமானாலும் எடுத்து உலை வைக்கலாம். 2018-இல் மறைந்த பாலகுமாரனின் நாவலை எடுக்க அவர் குடும்பத்தாரிடம் கேட்கவேண்டும்.

என்னைக் கேட்டால் ராஜராஜனின் வெற்றிகளுக்கு உடனே தாவவேண்டாம். 1973-இல் சிவாஜி கணேசனை வைத்து ஏ.பி.நாகராஜன் அந்த அரசனைச் சினிமாஸ்கோப்பில் காட்டியாயிற்று. திரையில் யாரும் தொடாத பானை, அருள்மொழி விட்டுக்கொடுத்த முடியோடு உத்தம சோழன் ஆண்ட ஏறக்குறைய 15 ஆண்டுகள். மணிமுடி கிடைத்தவன் எப்படி ஆண்டான்? விட்டுக்கொடுத்தவன் எப்படிக் காத்திருந்தான்? கரிகாலனைக் கொன்றவர்கள் அதுவரை என்ன ஆனார்கள்?

கடைசிக் கேள்விக்கான நூல்முனை காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற ரவிதாசன், அவன் உடன்பிறந்தார், உறவினர் ஆகியோரின் நிலங்கள் பற்றிய கல்வெட்டு அது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. வந்தியத்தேவன் குதிரையில் வந்த அதே வீரநாராயண ஏரிக்கு, இன்றைய வீராணத்துக்கு, பக்கத்தில்தான் அந்த ஊர்.