அறுபதுக்கு மேல் ஆண்மைச் சுரப்பு

நம் சங்க மலருக்கு ஆண்டுதோறும் கல்வெட்டு, கீழ்க்கணக்கு என்று ஏதாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இந்த முறை இப்படியொரு தலைப்பா என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளைகளும் புரட்டும் மலர் என்பதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வீட்டுப் பெண்மணிகளும் படித்தால் நல்லது. இந்த விஷயத்தில் ஆண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், பணத்தை மட்டும் திறந்து கொடுப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கலன்று சங்க விருந்து. சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி கூடவே விழுந்தது. சாப்பிட்டுத் திரும்பும் வழியில், அறுபது கடந்த ஆண்களுக்குச் சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை என்று ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பலகை. மதியம் மூன்று மணிக்குக் கையை நீட்டிவிட்டேன். கொஞ்ச காலமாகவே அசதி, கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தூக்கம், பழையபடி பாத்திரக் கட்டு தூக்க முடியாமை எல்லாம் இருந்தது. முடிவு வந்தது: டெஸ்டோஸ்டிரோன் 236. மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, ஆயுசுக்கும் போட வேண்டும் என்றார் நான் பார்த்த டாக்டர். முன்பணமும் கட்டிவிட்டேன்.

ஊசிக்கு முன் நாலு புத்தகம் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் என் தப்பு தெரிந்தது. இந்தச் சுரப்பு விடியற்காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாயக் குறைவது. வெறும் சர்க்கரைக் கரைசல் குடித்தாலே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ கால் பங்கு இறங்கிவிடுகிறது என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் மதியம் மூன்று மணிக்கு எடுத்த கணக்கு, தீபாவளிக்கு மறுநாள் கடை இருப்பை எண்ணி வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்வது மாதிரி. காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை எடுக்க வேண்டும் என்பதே முறை. வேறொரு டாக்டரிடம் போய் அப்படியே எடுத்தேன். 352, பிறகு 368. ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால்தான் குறைவு என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வரையறை. கட்டிய முன்பணம் திரும்பி வரவில்லை; அது போகட்டும்.

இந்தச் சுரப்பு எங்கே உற்பத்தியாகிறது? மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு அனுப்புகிறது. விந்தகம் சரக்கைச் செய்கிறது. வெளியிலிருந்து ஊசியாகவோ பசையாகவோ சரக்கு இறக்கினால், ஊரில் சரக்கு ஏராளம் என்று எண்ணி மூளை உத்தரவை நிறுத்திவிடும். சொந்தப் பட்டறை மூடிவிடும். விந்தகம் சுருங்கும், விந்தணுவும் குறைந்துபோகும். திடீரென்று ஊசியை நிறுத்தினால் பட்டறை மறுபடி ஓட மாதக்கணக்கில் ஆகும். இளவயதுப் பிள்ளைகள் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார்கள் என்று இதைப் போட்டுக்கொள்வது எவ்வளவு ஆபத்து பாருங்கள்!

வயதானால் குறையத்தான் செய்யும், வருஷத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் என்பார்கள். ஆனால் குறைவதெல்லாம் நோய் அல்ல. ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். சுரப்பும் குறைந்து, அதற்குரிய அறிகுறிகளும் சேர்ந்திருந்தவர்கள் 2.1 சதவீதம் பேர்தான். அதே ஆராய்ச்சியில் வெளிப்பட்ட இன்னொன்று, வயதைக் காட்டிலும் பருமனும் பிற நோய்களும்தான் சுரப்பை அதிகம் இறக்குகின்றன என்பது. தொப்பைக் கொழுப்பு சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. அதிலுள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அது மூளைக்குப் போய், போதும் நிறுத்து என்கிறது. சர்க்கரை நோயும் கூட்டாளி: 2004-இல் அமெரிக்காவில் 103 நோயாளிகளைப் பார்த்ததில் மூன்றில் ஒருவருக்குச் சுரப்பு குறைவு. நம்மவர் இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். என்னுடையது அப்போது 103.

அடுத்தது தூக்கம். 2011-இல் சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். பகல் நேரச் சுரப்பு 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. இருபது வயதுப் பையன்களுக்கே இந்தக் கதி. கடையடைத்துக் கணக்கு முடித்துப் படுக்கப் பன்னிரண்டு, விடியற்காலை லாரி வந்தால் எழ ஐந்து, நடுவில் குறட்டை என்றிருந்த எனக்குப் பகலில் அசதி வந்ததில் என்ன ஆச்சரியம்?

மாமிசம் தின்னாதவனுக்கு ஆண்மை குறையும் என்று மார்க்கெட்டில் வட நாட்டு நண்பர்கள் என்னைக் கேலி பேசுவதுண்டு. நான் நயினார் வீட்டுப் பிள்ளை, வந்தவாசிப் பக்கம், முட்டைகூடத் தொட்டதில்லை. 2000-இல் பிரிட்டனில் 696 ஆண்களை ஒப்பிட்டார்கள். பால்கூட ஒதுக்குகிற சைவர்களுக்கு மாமிசம் தின்பவரைவிட டெஸ்டோஸ்டிரோன் 13 சதவீதம் கூடுதல்! உடனே மார் தட்டிவிடாதீர்கள். அதைக் கட்டிப்போடும் புரதமும் அவர்களுக்குக் கூடுதல், ஆகையால் உடம்புக்குக் கிடைப்பது இரு சாராருக்கும் சமம்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது துத்தநாகம். பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத், ஈரானின் ஷிராஸ் நகரில் குள்ளமாகவும் பருவம் எய்தாமலும் இருந்த கிராமத்து வாலிபர்களைப் பற்றி 1961-இல் எழுதினார். அவர்கள் உணவு பெரும்பாலும் புளிக்காத கோதுமை ரொட்டி. தானியத்திலுள்ள பைட்டேட் துத்தநாகத்தை உடம்பில் சேரவிடாது என்பது பின்னால் தெளிவாயிற்று. 1996-இல் அவரே, துத்தநாகம் லேசாகக் குறைந்த முதியவர்களுக்கு ஆறு மாதம் அதைக் கொடுத்தபோது சுரப்பு ஏறக்குறைய இரட்டித்தது என்று காட்டினார். குறையில்லாதவர் மாத்திரை விழுங்குவதில் இலாபமில்லை. அதிகமானால் தாமிரச் சத்து கெடும். இங்கே வந்து மூன்று வேளையும் சப்பாத்திக்கு மாறிவிட்ட குடும்பங்கள் இட்லி மாவை மறக்காதீர்கள். அரைத்துப் புளிக்க வைப்பதும், பயறு ஊறவைப்பதும் பைட்டேட்டைக் குறைக்கும். எள், பூசணி விதை, கொண்டைக்கடலை இவற்றில் துத்தநாகம் உண்டு.

இனி மூலிகை. சிறுபஞ்சமூலம் என்ற நம் நீதிநூலின் பெயருக்குக் காரணமான ஐந்து வேர்களில் நெருஞ்சியும் ஒன்று. காரியாசான் என்னும் சமணப் புலவர் பாடிய நூல், எனக்கு மிகவும் வேண்டியது. அந்த நெருஞ்சிதான் இன்று டிரிபுலஸ் என்று அமெரிக்க டப்பாவில் வந்து ஆயிரக்கணக்கில் விலை போகிறது. மனிதர்களிடம் சோதித்ததில் டெஸ்டோஸ்டிரோனை அது உயர்த்தவில்லை. பற்றிருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமே. அமுக்கரா கொஞ்சம் தேவலை: பருத்த நடுவயதினரிடம் 2019-இல் நடந்த சிறிய ஆய்வில் சுமார் 15 சதவீதம் உயர்ந்தது, ஆனால் அசதியில் பொய்மாத்திரையைவிட வித்தியாசமில்லை. அபூர்வமாகக் கல்லீரலைப் பாதித்ததும் உண்டு.

என் பயம் வேறு. ரயில் பாதையோரச் சுவரில் எழுதி விற்கும் பொடிகளைச் சொல்கிறேன். மூலிகை என்று சொல்லி சில்டனாஃபில் என்ற ஆங்கில மருந்தைக் கலந்து விற்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று சரியும், உயிரே போகலாம். நம் ஊர்க்காரர் ஒருவர் அப்படிக் குளியலறையில் விழுந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தார். டாக்டரிடம் பொடியைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டாராம். அவர் மனைவி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியதால் பிழைத்தார்.

காலையில் இரண்டு முறை எடுத்தும் குறைவாகவே இருந்தால், பிட்யூட்டரியிலோ வேறெங்கோ கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டும். வலிக்கு நெடுநாள் சாப்பிடும் சில மாத்திரைகளும் மதுவும்கூடச் சுரப்பை இறக்கும். நிஜமாகவே வேண்டியவர் ஊசி போட்டுக்கொள்வதில் தவறில்லை. இருதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 5,200 பேரிடம் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில் மாரடைப்பு கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டும் சற்றுக் கூடியிருந்தன.

நான் செய்தது அதிகமில்லை. பொழுதோடு உண்ணும் எங்கள் வீட்டுப் பழக்கத்தைக் கடைக்காக விட்டிருந்தேன், திரும்பப் பிடித்தேன். பத்தரைக்குப் படுக்கை. பாத்திரக் கட்டைப் பையன்களிடம் விடாமல், சின்னதாய்ப் பிரித்து நானே தூக்குகிறேன். பளு தூக்குவது சுரப்பை நிரந்தரமாய் உயர்த்தாவிட்டாலும் தசைக்கும் சர்க்கரைக்கும் நல்லது. பதினாலு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. சென்ற மாதம் காலை எட்டு மணிக்கு எடுத்ததில் 431. இடுப்பு 94. கல்லாவில் தூங்குவதில்லை. குறட்டை மட்டும் இன்னும் பாதிதான் போயிருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.