நிலா மண் வேணுமா? நாமக்கல் பஸ் ஏறுங்க!

ஏற்காட்டுக்குப் போகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். ஏரியில் படகு விடுவார்கள். இரண்டாம் வகை, கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனவர்கள். படகுக் கட்டணம் ஜாஸ்தி என்று கரையில் நின்று சண்டை போடுவார்கள். மூன்றாம் வகைதான் முக்கியம். சனிக்கிழமை ஆபீஸ் முடிந்த கையோடு, ஐந்து பைக்கில் பத்துப் பேராக, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் பிரம்மச்சாரிகள்.

ராத்திரி பரோட்டா முடிந்ததும் இவர்கள் லாட்ஜ் மொட்டை மாடிக்கு வருவார்கள். கீழே சேலம், கொலுசுக் கடை ஷோகேஸ் மாதிரி மினுங்கும். கொஞ்ச நேரம் மேனேஜரைத் திட்டுவார்கள். அப்புறம் இன்கிரிமெண்ட். அப்புறம் கிரிக்கெட். திடீரென்று ஒருத்தன் அண்ணாந்து பார்த்து,

"மாப்ளே, அங்க பாரு... அது நகருதுடா!" என்பான்.

அவ்வளவுதான். மேனேஜர் பிழைத்தார். பறக்கும் தட்டு, நிலாவில் பிளாட், செவ்வாயில் குடித்தனம் என்று பேச்சு விடிய விடியப் போகும்.

போகட்டும், நல்ல பேச்சுதான். ஊர் வம்பைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஒரு விஷயம். இந்த மொட்டை மாடி மாநாட்டில் கிளம்புகிற கேள்விகளுக்கெல்லாம் அமெரிக்காவைப் பார்க்கத் தேவையில்லை. சேர்வராயன் மலையிலிருந்து அரை நாள் பயண தூரத்திலேயே பதில் இருக்கிறது. அதுவும் ஆகாயத்தில் இல்லை, தரையில்!

அது நகருதா, நிக்குதா?

முதலில் மர்மப் பொருளைக் கவனிப்போம். சூரியன் மறைந்த பிறகு மேற்கிலோ, விடியுமுன் கிழக்கிலோ மினுக்காமல் பளிச்சென்று நின்றால் அது வெள்ளிக் கிரகம். (உலகம் முழுக்க அதிகம் பேரை ஏமாற்றிய 'பறக்கும் தட்டு' இதுதான்.) சிவப்பும் பச்சையுமாகக் கண்ணடித்துக்கொண்டு போனால் விமானம். சேலத்து விமான நிலையம் காமலாபுரத்தில் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணடிக்காமல், சத்தமில்லாமல், ஐந்தாறு நிமிஷத்தில் வானத்தைக் கடந்தால் அது சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. பாதி வழியில் அது சட்டென்று காணாமல் போனால் பயப்பட வேண்டாம். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது, அவ்வளவே. ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாகப் புள்ளிகள் போனால் ஸ்டார்லிங்க். 2019 மே மாதம் முதல் 60 செயற்கைக்கோள்களை மொத்தமாக விட்டதிலிருந்து இந்த வேடிக்கை நடக்கிறது.

"இதுல எதுவுமே இல்லேன்னா?"

அப்போது 'தெரியவில்லை' என்பதுதான் பதில். மணி என்ன, எந்தத் திசை, எத்தனை நேரம் என்று குறித்து வையுங்கள். அடையாளம் தெரியாத ஆள் தெருவில் வந்தால் உடனே திருடன் என்று முடிவு கட்டுகிறோமா? அடையாளம் தெரியாத வெளிச்சம் மட்டும் எப்படி வேற்றுக்கிரக வாசியாகும்?

பெரிய பெரிய ஆட்களுக்கும் இந்தச் சபலம் உண்டு. 2025 ஜூலை 1-ம் தேதி சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று '3ஐ அட்லஸ்' என்ற பொருளைக் கண்டுபிடித்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக நாம் அறிந்த மூன்றாவது விருந்தாளி. ஹார்வர்டு பேராசிரியர் ஏவி லோப், இது யாரோ செய்து அனுப்பிய யந்திரமாகவும் இருக்கலாமே என்றார். மொட்டை மாடிகளில் ஒரே குதூகலம். ஆனால் அது வால்நட்சத்திரம் செய்கிற வேலையைத்தான் செய்தது. சூரியனை நெருங்கியபோது வாயுவும் தூசியும் கக்கியது. வால்நட்சத்திரம்தான் என்று நாஸா சொல்லிவிட்டது.

நாட்றம்பள்ளியில் விழுந்தது என்ன?

சரி, தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன குடி முழுகிவிடும்? ஒரு ராத்திரி ஜாலியாகப் போகிறது, யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். சில சமயம் நஷ்டம் உண்டு.

2016 பிப்ரவரி 6. அன்றைய வேலூர் மாவட்டம், நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பலத்த சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. தரையில் ஒரு குழி. கல்லூரி பஸ் டிரைவர் ஒருவர் இறந்துபோனார். வேறு சிலர் காயமடைந்தார்கள்.

மறுநாள் தமிழக அரசின் அறிக்கை, விழுந்தது விண்கல் என்றது. டிரைவரின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தார் முதல்வர் ஜெயலலிதா. விண்கல் விழுந்து ஒரு மனிதர் சாவது எழுதி வைத்த சரித்திரத்தில் அபூர்வத்திலும் அபூர்வம். எனவே உலகப் பத்திரிகைகள் அத்தனையும் நாட்றம்பள்ளி என்ற பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரிக்கப் பழகின. படங்களைப் பார்த்த நாஸா விஞ்ஞானிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரி அல்லவா தெரிகிறது என்றார்கள்.

இங்கேதான் ஒரு பி.காம். பட்டதாரிக்கு மண்டையில் மணி அடிக்கும். விண்கல் என்றால் யார் மீதும் கேஸ் கிடையாது. ஆகாயத்துக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. தரையில் வெடித்தது என்றால் என்ன வெடித்தது, அது ஏன் அங்கே இருந்தது என்று கேட்டாக வேண்டும். 'மேலிருந்து விழுந்தது' என்ற இரண்டு வார்த்தை பதிலில், கீழே கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள் செத்துப்போகும். இறந்தவர் குடும்பத்துக்கு அந்தப் பதில் வெறும் மொட்டை மாடி அரட்டை இல்லை.

விண்கல்லைச் சோதிக்க வழிகள் இருக்கின்றன. காற்றில் எரிந்து வந்ததால் மேலே கறுப்பாக உருகிய மெல்லிய தோல் இருக்கும். உடைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம் இருக்கும். கல் சாட்சி சொல்லும், கேட்கத்தான் ஆள் வேண்டும்.

காவலூரில் நகர்ந்த புள்ளி

கேட்கத் தெரிந்தவர்கள் நாட்றம்பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் காவலூர். வானியல் மேதை வைணு பாப்பு 1960-களில் தேடிப் பிடித்த இடம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் தென்வானமும் நன்றாகத் தெரியும். 1986-ல் இங்கே நிறுவப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

1988 பிப்ரவரி 17. ஆர்.ராஜமோகன் என்ற விஞ்ஞானி இங்கே 45 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் வானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரே இடத்தை வெவ்வேறு நேரங்களில் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். நட்சத்திரங்கள் அத்தனையும் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தது.

'மாப்ளே, அது நகருதுடா' கேஸ்தான். ஆனால் அவர் யாரையும் கூப்பிட்டுக் கூச்சல் போடவில்லை. அளந்தார்கள். பாதையைக் கணக்குப் போட்டார்கள். கணக்குப்படி மறுபடி வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. அது ஒரு குறுங்கோள். வரிசை எண் 4130, பெயர் ராமானுஜன்! நம் கும்பகோணத்துக் கணக்கு மேதையேதான். சென்னை வானாய்வகத்திலிருந்து போக்ஸன் என்ற வெள்ளைக்காரர் 1885-ல் கடைசியாக ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு, நூறு வருஷத்துக்கும் மேலாக இந்திய மண்ணிலிருந்து யாரும் குறுங்கோள் கண்டுபிடிக்கவில்லை.

பார்த்தது ஒரு ராத்திரி. நிரூபிக்கப் பல ராத்திரிகள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நிலாவில் ஒரு கிரவுண்டு என்ன விலை?

விடியற்காலை மூன்று மணிக்கு மாநாடு ரியல் எஸ்டேட்டுக்கு வந்துவிடும். "நிலாவுல பிளாட் விக்கிறாங்களாம்டா, நாம ஆளுக்கொண்ணு போட்டு வைப்போமா?"

வேண்டாம் சார். டென்னிஸ் ஹோப் என்ற அமெரிக்கர் 1980-லிருந்து நிலா நிலத்தைப் 'பத்திரம்' போட்டு விற்றார். வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் 1967-ம் வருஷத்து விண்வெளி ஒப்பந்தப்படி எந்த தேசமும் நிலாவைத் தன் சொத்து என்று சொல்ல முடியாது. இந்தியாவும் அதில் உண்டு. தேசத்துக்கே பட்டா இல்லாத இடத்தில் உங்களுக்கு யார் பட்டா மாற்றித் தருவார்கள்?

பட்டாவை விடுங்கள். குடியிருக்க முடியுமா? அங்கே காற்றும் கிடையாது, தண்ணீர் ஓட்டமும் கிடையாது. எனவே மண் துகள்கள் உருண்டு வழுவழுப்பாகவில்லை. பொடித்த கண்ணாடி மாதிரி கூர் கூராக இருக்கும். 1972-ல் அப்போலோ 17-ல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அந்தத் தூசியால் மூக்கு அடைத்துத் தும்மல் வந்தது. மனுஷன் நிலாவுக்குப் போய் ஜலதோஷம் பிடித்து வந்தார்!

வீடு கட்ட இங்கிருந்து செங்கல் கொண்டுபோக முடியாது. அங்கே உள்ள மண்ணிலேயே கட்ட வேண்டும். 2020-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் சேர்ந்து இதற்கு ஒரு வழி சொன்னார்கள். செயற்கை நிலா மண், ஒரு வகை பாக்டீரியா, யூரியா, கொத்தவரை விதைப் பிசின்... இவற்றைச் சேர்த்தால் செங்கல் மாதிரி கெட்டிப்படுகிறது. யூரியா? அது மனிதர்களின் சிறுநீரிலிருந்தே கிடைக்கும். ஆக, நிலாவில் வீடு கட்டக் கொத்தனார் வருமுன் செய்ய வேண்டிய வேலை என்ன என்று புரிந்திருக்கும்.

அதிருக்கட்டும், அதென்ன செயற்கை நிலா மண்? இங்கேதான் நம்ம ஊர் வருகிறது.

பாலாடைக் கல்

நிலாவில் வடை சுடும் பாட்டி தெரிகிறாள் அல்லவா? கறுப்பாகத் தெரியும் அந்தப் பகுதிகள் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. பாட்டியைச் சுற்றி வெள்ளையாகப் பளபளக்கிற இடம் வேறு ரகம். சுமார் 450 கோடி வருஷங்களுக்கு முன் நிலா கொதிக்கும் பாறைக் குழம்பாக இருந்தது. கனமானவை அடியில் தங்க, லேசான வெள்ளைக் கனிமம் பாலாடை மாதிரி மேலே மிதந்து உறைந்தது. அந்த ஆடைக்குப் பெயர் அனார்த்தோசைட்.

பூமியில் இது எல்லா இடத்திலும் கிடைக்காது. ஏற்காட்டு மலையே வேறு ஜாதி. சார்னோக்கைட் என்ற பாறை. ஆனால் மலையை விட்டுக் கீழே இறங்கித் தெற்கே போனால், முன்பு சேலம் ஜில்லாவாக இருந்து 1997-ல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு கிராமங்கள். அங்கே அனார்த்தோசைட் கொட்டிக் கிடக்கிறது. வயது சுமார் 250 கோடி வருஷம்!

சந்திரயான்-2 திட்டத்தில், நிலாவில் ஓட வேண்டிய வண்டியை முதலில் பூமியில் ஓட்டிப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலா மண் வேண்டியிருந்தது. ஒரு கைப்பிடி போதாது, சுமார் 60 டன். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகாது. சேலம் பக்கம் இந்தக் கல் இருக்கிறது என்று புவியியல்காரர்கள் சொன்னார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி., பெங்களூர் அறிவியல் கழகம் எல்லோரும் கை கொடுத்தார்கள். கல்லை வெட்டி, நிலாத் தூசி எந்த அளவோ அந்த அளவுக்குப் பொடியாக்கி, பெங்களூருக்கு அனுப்பினார்கள். ஹீலியம் பலூனால் வண்டியின் எடையைக் குறைத்து, நிலாவின் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் ஓடுவது போல ஓட்டிப் பார்த்தார்கள்.

இதற்கு முதலில் போட்ட பட்ஜெட் 25 கோடி ரூபாய். வேலை செய்து கொடுத்தவர்கள் பணம் வாங்காததால் ஏறக்குறைய செலவே ஆகவில்லை என்று சொன்னார் மயில்சாமி அண்ணாதுரை. (எந்த ஆடிட்டராவது இப்படி ஒரு கணக்கைப் பார்த்திருப்பாரா?) 2020-ல் இந்த மண்ணுக்கு இஸ்ரோ பேட்டன்ட்டும் வாங்கிவிட்டது.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்கும்போது நொறுங்கியது. சித்தம்பூண்டி மண்ணில் பழகிய வண்டிக்கு நிஜ மண்ணைத் தொடக் கொடுத்து வைக்கவில்லை. நாலு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3 இறங்கியது. பிரக்யான் வண்டி சுமார் நூறு மீட்டர் ஓடி, 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. முடிவு 2024 ஆகஸ்டில் வெளியானது. அங்கே இருந்தது என்ன தெரியுமா? அனார்த்தோசைட் வகை!

அதாவது, மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் போய் நாம் தொட்டது, சித்தம்பூண்டிக் கல்லின் ஒன்றுவிட்ட சகோதரனை.

ராத்திரி முழுக்க ஆகாயத்தைப் பாருங்கள், தப்பே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் திரும்புகிற வழியில் கொஞ்சம் தரையையும் பாருங்கள். நிலாவுக்கு டிக்கெட் கொடுக்க இன்னும் நாளாகும். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு பஸ் தாராளமாக இருக்கிறது. இறங்கி விசாரித்துப் போய், சித்தம்பூண்டியில் அந்த வெள்ளைக் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு மறக்காமல் அங்கேயே வைத்துவிடுங்கள்.

ஆளுக்கு ஒன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டால், அடுத்த ஒத்திகைக்கு மண் எடுக்க இஸ்ரோ நிலாவுக்கே போக வேண்டியிருக்கும்!