மிகுதியாக வந்த பணம்

ஜவ்வாது மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வருமானம் என்பது மாதந்தோறும் ஒரே அளவாக வருவதன்று. சாமை அறுத்துத் தூற்றியபின் சிறிது பணம் வரும். புளியம்பழம் உலுக்கும் காலத்தில் இன்னும் சிறிது வரும். மற்ற மாதங்களில் கையிருப்பைக் கொண்டு காலத்தை ஓட்ட வேண்டும். "இந்த ஆண்டு உங்கள் வருமானம் எவ்வளவு?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டால், "ஆண்டு முடியட்டும், சொல்கிறேன்" என்பார். வேடிக்கையாகத் தோன்றும் இந்த விடையில் பெரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது. அந்த உண்மையை மறந்ததனால் பெரிய அரசாங்கங்களே இடர்ப்பட்டதுண்டு, நானும் இடர்ப்பட்டேன். அந்தக் கதையைத்தான் மாணவ நண்பர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஜமுனாமரத்தூருக்கு அருகே எனக்குக் கொஞ்சம் புன்செய் நிலம் உண்டு. நான் சமவெளியில் ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியனாக இருந்தேன். நிலத்தை என் மனைவி பார்த்து வந்தாள். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் மத்திய அரசு பி.எம். கிசான் என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. நிலமுடைய விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதனை 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளாக நேரே வங்கிக் கணக்கில் சேர்ப்பது என்பது ஏற்பாடு. என் பெயரிலும் பணம் வந்தது. அதற்கு நான் தகுதியுடையவனாகவே இருந்தேன். விதைக்கும் களையெடுப்புக் கூலிக்கும் அது உதவிற்று.

பிறகு கல்லூரியில் என் சம்பளம் உயர்ந்தது. 2021இல் முதன்முதலாக வருமான வரி செலுத்தினேன். வரி செலுத்தியதில் எனக்குச் சிறிது பெருமைகூட உண்டு. அந்த நாளோடு விவசாய உதவி பெறும் தகுதி போய்விட்டது என்பது மட்டும் என் நினைவுக்கு வரவில்லை. முந்திய கணக்காண்டில் வருமான வரி செலுத்தியவர் எவரேனும் குடும்பத்தில் இருந்தால் அக்குடும்பத்துக்கு இந்த உதவி இல்லை என்பது திட்டத்தின் விதி. நான் யாருக்கும் தெரிவிக்கவில்லை, பணமும் நிற்கவில்லை. 2023இல் ஒரு கடிதம் வந்தது. ஐந்து தவணைகளாக 10,000 ரூபாய் மிகுதியாகப் பெற்றிருக்கிறீர்கள், திருப்பிச் செலுத்துக என்று அதில் கண்டிருந்தது.

அக்கடிதத்தைக் கண்டதும் எனக்கு உண்டான முதல் உணர்ச்சி வெட்கம், இரண்டாவது கோபம். "நானா கேட்டேன்? அவர்களாகக் கொடுத்துவிட்டு இப்போது கேட்கிறார்களே!" என்று மனைவியிடம் சொன்னேன். "பழங்குடியினருக்குத்தான் வருமான வரியே கிடையாதே" என்று நண்பர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். விசாரித்ததில் அதுவும் சரியன்று. அந்த விலக்கு வடகிழக்கு மாநிலங்கள் சிலவற்றிலும் லடாக்கிலும் வாழும் பழங்குடியினர் அங்கே ஈட்டும் வருமானத்துக்கே உரியது. தமிழ்நாட்டு மலைவாசிகளுக்கு இல்லை. வெட்கமும் கோபமும் தணிந்த பிறகுதான், இப்படி ஏன் நேர்கிறது என்று ஆராயத் தொடங்கினேன்.

வருமானத்தை அளவுகோலாகக் கொண்ட எந்த உதவியிலும் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று தேவையின் கடிகாரம். பசியும் விதைப்பும் காத்திருக்க மாட்டா. ஆகவே உதவி இன்றே வர வேண்டும். மற்றொன்று கணக்கின் கடிகாரம். ஆண்டு முடிந்து வரிக்கணக்கு வந்த பின்னரே உண்மையான வருமானம் தெரியும். இன்றைய உதவியை நேற்றைய வருமானத்தைக் கொண்டு கொடுப்பதைத் தவிர அரசுக்கு வேறு வழியில்லை. வருமானம் ஏறாமல் இருக்கும் வரையில் இரண்டும் ஒத்துப் போகும். ஏறினாலோ, இடையில் வந்த தொகை மிகுதித் தொகையாகிவிடும். இதில் வஞ்சகம் இருக்க வேண்டும் என்பதில்லை. காலத்தின் இடைவெளியே போதும்.

இதனை மிகப் பெரிய அளவில் அனுபவித்த நாடு பிரிட்டன். 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே வரிவரவுத் தொகை, அதாவது டாக்ஸ் கிரெடிட், புதிய வடிவில் வந்தது. குறைந்த ஊதியத்தில் உழைப்பவர்களுக்கும் குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கும் வரித்துறையே பணம் கொடுப்பது அத்திட்டம். முந்திய ஆண்டு வருமானத்தைக் கொண்டு தொகையைக் குறித்துக் கொடுப்பார்கள். ஆண்டு முடிந்ததும் உண்மை வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். வருமானம் 2,500 பவுன் வரை ஏறினால் அதனைக் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் ஏறியது கணக்கில் சேரும்.

இரண்டு குழந்தைகளையுடைய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு வருமானம் 15,000 பவுன். இந்த ஆண்டு 22,000. ஏற்றம் 7,000. அதில் 2,500ஐத் தள்ளினால் மீதி 4,500. அக்காலத்து விதிப்படி மிகுதியான ஒவ்வொரு பவுனுக்கும் 37 பென்னி உதவி குறையும். ஆகவே அக்குடும்பம் 1,665 பவுன் மிகுதியாகப் பெற்றதாகிறது. பணமோ முன்பே செலவாகிவிட்டது! முதலாண்டில் மட்டும் ஏறத்தாழ 19 லட்சம் குடும்பங்கள் இந்த நிலைக்கு உள்ளாயின. மிகுதித் தொகை சுமார் 220 கோடி பவுன். ஏழைகளுக்கு உதவ வந்த திட்டம் ஏழைகளைக் கடன்காரர்களாக்கியதைக் கண்டு, அரசாங்கம் அந்த 2,500 பவுன் வரம்பை 2006இல் 25,000 ஆக உயர்த்திற்று. பிறகு செலவைச் சுருக்குவதற்காகப் படிப்படியாகக் குறைத்து, 2016இல் மீண்டும் 2,500க்கே கொண்டுவந்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாளோடு அத்திட்டமே முடிவடைந்தது. ஆனாலும் அதில் ஒரு நல்ல விதி இருந்தது. முழு உதவி பெறும் ஏழைக் குடும்பத்தில், தொடர்ந்து வரும் தொகையிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதே அது.

ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததோ இதைவிடக் கொடியது. 2016 முதல் 2019 வரை அங்கே ஒரு கணிப்பொறி முறை நடந்தது. ஒருவருடைய ஆண்டு வருமானத்தை எடுத்து, இரு வாரத்துக்கு ஒன்றாக 26 சம பாகமாக்கி, ஒவ்வோர் இரு வாரமும் அவர் அவ்வளவு சம்பாதித்ததாகக் கருதிக் கடன் விதித்தார்கள். எங்கள் மலையில் புளி உலுக்கும் காலத்தில் மட்டும் கூலி பெறும் ஒருவரை, ஆண்டு முழுவதும் கூலி பெற்றவராக எழுதிக் கொண்டால் எப்படியிருக்கும்? வேலையில்லாத மாதங்களில் அவர் நேர்மையாகப் பெற்ற உதவியும் கடனாக மாறிவிடும். பல லட்சம் மக்கள் மேல் இவ்வாறு பொய்க்கடன் ஏறிற்று. நீதிமன்றத்தில் அது நிலைக்கவில்லை. அதனை விசாரித்த அரச ஆணைக்குழு 2023 ஜூலையில் தன் அறிக்கையில் மிகக் கடுமையாகக் கண்டித்தது. ஆண்டு முடியட்டும் என்று சொன்ன எங்கள் ஊர்ப் பெரியவரைக் கேட்டிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திராது.

சரி, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72ஆம் பிரிவில், தவறுதலாகத் தமக்குக் கொடுக்கப்பட்ட பணத்தை ஒருவர் திருப்பித் தர வேண்டும் என்று விதிக்கிறது. கேட்டு வாங்கினோமா, கேளாமல் வந்ததா என்பது அங்கே கேள்வியன்று. என் கோபத்துக்கு அதிலேயே விடை கிடைத்துவிட்டது. ஆனால் நீதி அதோடு நின்றுவிடவில்லை. 2014 டிசம்பர் 18ஆம் நாள், பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மாசி என்பவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு வகுத்தது. கடைநிலை ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும் மிகுதிச் சம்பளத்தைப் பிடிக்கலாகாது என்றும், ஐந்தாண்டுக்கு மேல் தவறாகக் கொடுத்து வந்ததைப் பிடிக்கலாகாது என்றும், பிடிப்பது கொடுமையாக முடியும் இடங்களிலும் பிடிக்கலாகாது என்றும் கூறிற்று. அது ஊழியர் சம்பளத்தைப் பற்றிய தீர்ப்பு. உதவித் திட்டங்களுக்கு நேரே பொருந்துவதன்று. எனினும், பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு என்ற கருத்து அதில் தெளிவாக இருக்கிறது.

இனி நான் செய்தது. முதலில் வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கடிதத்தோடு ஒப்பிட்டேன். கடிதத்தில் ஐந்து தவணை. புத்தகத்திலோ நான்குதான் இருந்தன. ஒரு தவணை அனுப்பப்பட்டும் என் கணக்கில் சேரவில்லை. புத்தகத்தின் நகலை இணைத்து விண்ணப்பம் கொடுத்தேன். தொகை 8,000 ஆகத் திருத்தப்பட்டது. கடிதம் வந்த அச்சத்தில் பேசாமல் செலுத்தியிருந்தால் 2,000 ரூபாய் இழந்திருப்பேன். திட்டத்தின் வலைத்தளத்திலேயே பணத்தைத் திருப்பிச் செலுத்தவும், உதவியைத் தாமாக விட்டுக்கொடுக்கவும் வழிகள் இருக்கின்றன. இரண்டையும் செய்து, இரசீதை நிலப் பட்டாவோடு சேர்த்து வைத்தேன்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மலையில் செய்தி மறைவதில்லை. பக்கத்து நிலத்து அக்காள் ஒருத்தி மறுநாளே வந்துவிட்டாள். கணவனை இழந்தவள், சிறிது சாமை நிலமே அவளுக்கு ஆதாரம். அவளுடைய மகன் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கியிருந்தான்.

"தம்பி, என் பிள்ளைக்கும் சம்பளம் ஏறிடுச்சே. எனக்கும் கடுதாசி வருமா? வாங்கினதெல்லாம் ஆட்டை வித்துக் கட்டிடறேன். இனிமே எனக்கு அந்தப் பணமே வேண்டாம்" என்றாள்.

என் நெஞ்சு துணுக்குற்றது. எனக்கு எட்டாயிரம் ஒரு மாதத்துச் சங்கடம். அவளுக்கோ ஒவ்வொரு தவணையும் விதையும் கூலியுமாகும். நான் அடைந்த வெட்கத்தைக் கண்டு, அவள் தன் உரிமையையே விட்டுவிடத் துணிந்தாள். விதியைத் திறந்து அவளுக்குச் சொன்னேன்: "அக்கா, இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, வயதுக்கு வராத பிள்ளைகள், அவ்வளவுதான். உங்கள் மகனுக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. அவன் சம்பளம் உங்கள் கணக்கில் சேராது. ஆட்டை விற்காதீர்கள்." நம்ப முடியாமல் அவள் இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை அவளை வேளாண்மை அலுவலகத்துக்கே அழைத்துச் சென்றேன். அங்கும் அதையே சொன்னார்கள்.

குடும்பம் என்ற ஒரே சொல்லுக்குத் திட்டந்தோறும் பொருள் மாறுகிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, குடும்ப அட்டையில் உள்ள அனைவரையும் ஒரே குடும்பமாகக் கொண்டு, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்றார்கள். அங்கே அதே அட்டையில் உள்ள மகனுடைய சம்பளமும் கணக்கில் சேரும். ஒரு திட்டத்தின் விதியைக் கேட்டு மற்றொரு திட்டத்துக்கு அஞ்சுவதும் தவறு, துணிவதும் தவறு.

உங்களில் பலர் கல்வி உதவித்தொகை பெறுகிறவர்கள். உங்கள் வீட்டிலும் ஒருநாள் வருமானம் உயரும், உயரவே வேண்டும். அப்போது அந்தத் திட்டத்தின் விதியை நீங்களே படித்துப் பாருங்கள். தகுதி மாறியிருந்தால் கடிதம் வருமுன் எழுதித் தெரிவியுங்கள். கடிதம் வந்துவிட்டால், எந்த நாளில் எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள். கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒரே முறையில் கட்ட இயலாவிட்டால் தவணை கேட்டு எழுதுங்கள். இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எழுதப் படிக்க அறியாத அண்டை வீட்டார் அஞ்சி வந்தால், அவர்களுக்காகவும் ஒருமுறை அந்த விதியைப் படித்துச் சொல்லுங்கள்.

அக்காளுக்கு அடுத்த தவணை வந்த நாளில், என் வீட்டுத் திண்ணையில் ஒரு படி சாமை அரிசியை வைத்துவிட்டுப் போனாள். இதையும் திருப்பித் தர வேண்டுமா என்று என் மனைவி சிரித்துக்கொண்டே கேட்டாள்.