மாதவிடாய் நின்ற பின் மாதரின் இருதயம்

தறியிலும் தோட்டத்திலும் பாடுபடும் நமது அங்கத்தினரிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. மாரடைப்பு ஆண்களின் வியாதி, பெண்களுக்கு அது வாராது என்பதே அது. இதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை நம்பியிருப்பதுதான் ஆபத்து.

கீழ்பவானி வாய்க்காலின் மண்கரை, தண்ணீர் பெருகினால் தானாக விரிந்து கொடுப்பதில்லை. இரத்தக் குழாயோ விரிந்து கொடுக்கிறது. அதன் உட்புறம் முழுவதும் மெல்லிய உயிரணுக்கள் ஒரே அடுக்காகப் படிந்துள்ளன. இவை வெறும் பூச்சு அல்ல, குழாயைத் தளரச் செய்பவை இவையே என்று 1980ஆம் ஆண்டில் ராபர்ட் பர்ச்காட் என்னும் அமெரிக்க விஞ்ஞானி காட்டினார். இவ்வணுக்கள் வெளியிடும் பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு என்பது பின்னர் தெளிவாயிற்று. அவருக்கும் வேறிருவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

மாதரின் சூற்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், இவ்வணுக்களில் பொருந்தி அவ்வாயுவை மிகுதியாக உண்டாக்கத் தூண்டுகிறது. கெட்ட கொழுப்பு குறையவும் துணை செய்கிறது. மாதவிடாய் நின்றதும் இக்காவல் தளர்கிறது. மேல்நாடுகளில் இது 51 வயதையொட்டியும், நம் நாட்டில் 46, 47 வயதிலேயும் நிகழ்கிறது. நீரிழிவு கண்ட பெண்களுக்கோ, அதற்கு முன்னரே இக்காவல் பெரிதும் பயனற்றுப் போகிறது.

அங்ஙனமாயின் ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக உண்டால் என்ன? மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இவ்வாறே எண்ணிற்று. அமெரிக்காவில் 16,608 மாதரைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிப்பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் மற்றொரு சுரப்புநீரும் கலந்த மாத்திரை தரப்பட்டது. மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதமும் இரத்தக்கட்டியும் மார்புப் புற்றும் சற்று மிகுந்தன. 2002இல் அச்சோதனையை நிறுத்தினர். அவர்களின் சராசரி வயது 63 என்பதை மறக்கலாகாது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த குழாயில் அச்சுரப்பு பழையபடி வேலை செய்வதில்லை. வாய்வழி உண்பது இரத்தம் உறையும் தன்மையையும் கூட்டுகிறது. ஆகவே இருதயத்தைக் காக்கவென்று மட்டும் இம்மாத்திரையை இன்று எவரும் பரிந்துரைப்பதில்லை. கடையில் கேட்டு வாங்கி உண்பதோ பெருந்தவறு.

இனி, நாம் மிகவும் கவலையுறுவது ஒன்று. நாற்பது வயதுக்கு முன்னரே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர் நம் ஊர்களில் பலர். அதனுடன் சூற்பைகள் இரண்டும் எடுக்கப்பட்டனவா என்பதை அவர்களிற் பலரும் அறியார். எடுத்திருந்தால் இயற்கையான வயதுக்கு முன்பே காவல் போயிற்று என்று பொருள். அத்தகையோருக்கு டாக்டர் ஆராய்ந்து ஈஸ்ட்ரோஜன் தருவது உண்டு. அது வேறு விஷயம்.

பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாகவே வரவேண்டுமென்பதில்லை. மூச்சுத் திணறல், தாடையிலும் முதுகிலும் வலி, காரணமற்ற களைப்பு, குமட்டல் என்றும் வரும். தார் சுற்றிய அலுப்பு என்று படுத்துவிடுவதால் நேரம் கழிந்துவிடுகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செல்லும்போது, மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்பதை டாக்டர் கேளாவிடினும் சொல்லுக. அறுவை செய்துகொண்டவர் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்க.