எட்டு அங்குலச் சட்டம்

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் பழங்குடியினர் நடத்தும் சால்மன் மீன்பிடிப்புக்கு வரம்பு கட்டும் உடன்படிக்கை 2027 முடிவோடு காலாவதியாகிறது. அதைப் பற்றி நாலு வரிச் செய்தி போட்டோம். வந்த கடிதங்களைப் படித்தால் நாலு வரி போதவில்லை என்று தெரிகிறது. எழுதியவர்களில் பலர் போர்ட்லாந்து பக்கம் வேலையில் இருக்கும் தமிழர்கள். “ஆறு நிறைய மீன் ஏறுது, படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்குதே?” என்கிறார் ஒருவர். “பாதி மீன் அவங்களுக்கே என்றால் நியாயமா?” என்கிறார் இன்னொருவர். “கரையில் மீன் வாங்கினேன், வழக்கு வருமா?” என்று பயப்படுகிறார் மூன்றாமவர்.

மூன்றாமவர் நிம்மதியாகச் சாப்பிடலாம், விவரம் கடைசியில். முதல் கேள்விக்குள்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. அதற்கு முன் சில சொற்களைச் சலித்துவிடுவோம்.

உரிமை: பல கடிதங்களில் “சலுகை” என்ற சொல் வருகிறது. அது பிழை. 1855-இல் யாகமா, உமாட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் மக்கள் பெருநிலத்தை அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அரசு கொடுத்தது அல்ல, அவர்கள் கொடுக்காதது என்று உச்ச நீதிமன்றம் 1905-இலேயே விளக்கிவிட்டது.

பாதி: பழங்குடியினருக்கு நியாயமான பங்கு உண்டு என்று 1969-இல் நீதிபதி பெல்லோனி தீர்ப்பளித்தார். அது பாதிவரை என்று 1974-இல் நீதிபதி போல்ட் வரையறுத்தார். ஆனால் ஆற்றில் வரும் மீனில் பாதி அல்ல. ‘பிடிக்கத் தக்க’ மீனில் பாதி. எது பிடிக்கத் தக்கது என்பதை ஒரு கணக்கு தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கு வேறெங்கோ தொடங்குகிறது.

ஆறாம் மண்டலம்: பானவில் அணைக்கும் மெக்நாரி அணைக்கும் இடையே 147 மைல். வணிக மீன்பிடிப்பு இங்கே இந்த நான்கு பழங்குடிகளுக்கு மட்டுமே. ‘ஒதுக்கப்பட்ட பகுதி’ என்றால் காதுக்கு இனிமையாக இருக்கும். அந்தப் பகுதி மீன்பிடிப்பின் இதயமான சிலைலோ அருவி 1957 மார்ச் 10 அன்று டாலஸ் அணையின் நீருக்குள் சில மணி நேரத்தில் மூழ்கிப்போனது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இனி படகுகள் கட்டிக் கிடக்கும் காரணம்.

இலையுதிர் பருவத்தில், ஆகஸ்ட் தொடங்கி, இந்த ஆற்றில் ஏறும் முக்கியமான மீன் சினூக் சால்மன். அதில் மேலாற்று இனம் எத்தனை வருகிறது என்பதைப் பொறுத்துப் பழங்குடியினர் 20 முதல் 30 சதவீதம்வரை பிடிக்கலாம். வரத்து கூடினால் சதவீதமும் கூடும், குறைந்தால் அதுவும் குறையும். இவ்வளவு டன் என்று பருவத்துக்கு முன்பே எழுதி வைக்கும் விதிகளோடு ஒப்பிட்டால் இது கெட்டிக்காரத்தனம். முன்கணிப்பு தப்பினாலும் பருவத்தின் நடுவே தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். பானவில் அணையின் மீன் படிக்கட்டில் கண்ணாடி ஜன்னல் போட்டு, ஏறும் மீனை இனவாரியாக எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத் தொழில்நுட்பக் குழு வரத்தைத் திருத்துகிறது. அதன்படி அடுத்த வாரம் எத்தனை நாள் வலை என்பது முடிவாகிறது.

ஆனால் சினூக்கோடு கலந்து இன்னொரு மீனும் ஏறுகிறது: ஸ்டீல்ஹெட். அதில் 78 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவற்றைத் தனி வகையாகக் கணக்கு வைக்கிறார்கள். ஐடஹோ மாநிலத்து மலையாறுகளுக்குப் போகும் பெரிய மீன் பெரும்பாலும் இதில்தான் அடங்கும். அங்கிருந்து வரும் காட்டு ஸ்டீல்ஹெட், அழியும் ஆபத்தில் உள்ள இனங்களுக்கான சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. இந்தப் பெரிய வகை 20,000-க்குக் குறைவாக வந்தால் பழங்குடியினர் வலையில் 13 சதவீதத்துக்கு மேல் சிக்கக் கூடாது. வரத்து ஏறினால் 15, அதிகபட்சம் 20.

இப்போது ஒரு மனக்கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் போடுபவை. பெரிய ஸ்டீல்ஹெட் 10,000 வருகிறது; வரம்பு 1,300. ஐம்பது சினூக் பிடித்தால் ஒரு பெரிய ஸ்டீல்ஹெட் கூடவே சிக்குகிறது. அப்படியானால் 65,000 சினூக்கோடு கதை முடிந்தது. ஆற்றில் ஐந்து லட்சம் சினூக் ஏறினாலும், தாளில் அதற்கு மேல் பங்கு எழுதியிருந்தாலும், படகு கரைக்குத்தான். அறுவடையின் அளவைத் தீர்மானிப்பது நிறைய இருக்கும் மீன் அல்ல, அருகிப்போன மீன். அறிவிப்புகளில் அது வலையில் சிக்கிச் சாவதற்குத் ‘தாக்கம்’ என்று பெயர். செத்த மீன் என்று எழுதக் கை கூசும்போது பயன்படும் சொல்.

அப்படியானால் மீனவர் என்ன செய்வது? பதில் வலைக்கண்ணில் இருக்கிறது. இலையுதிர் பருவ அறிவிப்புகளில் அடிக்கடி வரும் நிபந்தனை: கண் எட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சினூக் பருத்த மீன், செவுளோடு சிக்கிக்கொள்ளும். ஸ்டீல்ஹெட் ஒடிசலான மீன், பெரிய கண்ணுக்குள் நுழைந்து வெளியேறிவிடும். இன்ஸ்பெக்டரை நிறுத்துவதற்குப் பதிலாகச் சட்டத்தையே நூலில் முடிந்து ஆற்றுக்குள் விட்டிருக்கிறார்கள். இத்தனை வருட விதிப் புத்தகங்களில் இவ்வளவு அழகான ஷரத்தை நான் படித்ததில்லை. சிறிய சினூக்கும் அதே கண் வழியே நழுவிப் போகிறது. அந்த நஷ்டம் மீனவரின் கணக்கில்.

அழகு இருக்கட்டும். உறுத்துவது சதவீதத்தின் அடியில் இருக்கும் எண். 13 சதவீதம் என்றால், எதில்? திரும்பி வந்து எண்ணப்பட்ட மீனில். ஐடஹோவில் பிறக்கும் குஞ்சு கடலுக்குப் போகும் வழியில் எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். தாண்டாமல் செத்தது திரும்பி வராது. வராதது அந்த எண்ணில் சேராது. ஆக, அணை எவ்வளவு கொல்கிறதோ அவ்வளவுக்கு மீனவரின் 13 சதவீதம் சிறுத்துப்போகிறது. அணைக்கும் அனுமதிக்கப்பட்ட இழப்புக் கணக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு நிறைந்ததும் “வியாழன் மாலை 6 மணிக்கு டர்பைனை நிறுத்து” என்று வாராந்தர அறிவிப்பு வருவதில்லை. அப்படிப்பட்ட அறிவிப்பு வலைக்கு மட்டுமே.

எண்ணிக்கையை வேதவாக்காக எடுப்பதன் விபரீதத்துக்கும் முன்கதை உண்டு. 1980-களின் தொடக்கத்தில் பானவிலைத் தாண்டிய மீனில் சுமார் 40,000 மெக்நாரிக்கு வந்து சேரவில்லை. கள்ளத்தனமாகப் பிடித்துவிட்டார்கள் என்றது அரசு. ரகசிய ஏஜெண்டுகள் மீன் வாங்குவது போல நடித்தார்கள். 1969-இல் பெல்லோனி தீர்ப்பளித்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவரான டேவிட் சோஹாப்பிக்கு, முந்நூற்றுச் சொச்சம் மீன் விற்றதற்காக ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனை. பின்னால் வந்த ஆய்வு, இடையிலுள்ள ஜான் டே அணையருகே அலுமினிய ஆலையின் ஃபுளூரைடு கழிவு மீன்களைத் தடுமாற வைத்திருந்ததைக் காட்டியது. சோஹாப்பி 1988-இல் விடுதலையானார், 1991-இல் இறந்தார். இரண்டு ஜன்னல்களின் எண்கள் பொருந்தவில்லை என்றால் முதல் சந்தேகம் வலை மீது விழும் என்பதை அந்த ஆற்றங்கரையில் யாரும் மறக்கவில்லை.

மீதிக் கேள்விகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

கரையில் வாங்கலாமா? தாராளமாக, வணிகப் பருவம் திறந்திருந்தபோது பிடித்த மீனாக இருந்தால் போதும், பருவம் மூடிய பிறகு விற்றாலும் குற்றமில்லை.

என்ன கொண்டுபோக வேண்டும்? ரொக்கமும் ஐஸ் பெட்டியும். ரசீது கேட்டு வாங்குங்கள்.

பருவத்தை யார் அறிவிக்கிறார்கள்? பழங்குடி நிர்வாகங்கள் தீர்மானிக்கின்றன. ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் கூட்டு அமைப்பு தன் விதியாகவும் ஏற்கிறது.

ஸ்டர்ஜன் மீன் கிடைக்குமா? வலையில் உரிய நீளத்தில் சிக்கினால் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு, உங்களுக்கு இல்லை.

அணைகள் பற்றி ஒப்பந்தம் எதுவும் இல்லையா? 2023 டிசம்பரில் ஒன்று வந்தது, 2025 ஜூனில் வெள்ளை மாளிகை அதிலிருந்து விலகிக்கொண்டது.

2027-க்குப் பிறகு? சதவீதங்களை மறுபடி பேச வேண்டும். எட்டு அங்குலத்தைப் பற்றி நிச்சயம் பேசுவார்கள், எட்டு அணைகளைப் பற்றி எவ்வளவு பேசுவார்கள் என்பதை எண்ணிக்கொண்டிருங்கள்.