‘கிரேதோ’ என்னும் இலத்தீன் வினை: பொருளும் தமிழாக்கமும் – ஆவூர் மறைப்பணி மரபை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

‘நம்புகிறேன்’ எனப் பொருள்படும் ‘கிரேதோ’ என்னும் இலத்தீன் வினையின் பொருள், வேற்றுமைப் பயன்பாடு ஆகியவற்றை விளக்கி, தமிழ்க் கிறித்தவ வழக்கில் அதன் பெயர்ப்புகள் அடைந்த பொருள்மாற்றத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கிரேதோ, விசுவாசம், நம்பிக்கை, எதிர்நோக்கு, ஆவூர்.

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைத் துறவி வெனான்சியுஸ் பூஷே நிலைநிறுத்திய மதுரை மறைப்பணித் தளமாகும். இத்தகைய தளங்களில் இலத்தீனும் தமிழும் அருகருகே வழங்கின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வரை திருப்பலியின் மொழி இலத்தீனே. மக்கள் செபித்த மொழி தமிழ். வீரமாமுனிவர் 1728இல் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீனிலேயே அமைந்தது. ஆகவே இம்மரபின் பனுவல்களை ஆராய்வோர்க்கு இலத்தீன் மூலச்சொற்களின் பொருளெல்லை தெரிந்திருத்தல் இன்றியமையாதது.

சொற்பிறப்பும் பொருளும்

‘கிரேதெரே’ என்பதன் தன்மை ஒருமை நிகழ்கால வடிவம் ‘கிரேதோ’. தமிழின் ‘-ஏன்’ போல இதன் ‘-ஓ’ ஈறே தன்மை ஒருமையை உணர்த்துகிறது. ‘நெஞ்சை வைத்தல்’ என்னும் இந்தோ-ஐரோப்பிய மூலத்தினின்று பிறந்த இச்சொல், வடமொழிச் ‘சிரத்தா’வோடு உறவுடையது. அவ்வடசொல்லே தமிழில் ‘சிரத்தை’ என வந்து ‘அக்கறை’ என்னும் பொருளில் நிலைத்தது.

நம்புதல், ஒப்படைத்தல், கடன் கொடுத்தல், கருதுதல் என இவ்வினை பல பொருள் தரும். சிசரோவின் உரைகளில் இடைச்செருகலாக வரும்போது ‘போலும்’ என்னும் எள்ளற்குறிப்பும் தோன்றும். ‘அவர் வருவார் என நம்புகிறேன்’ என்னும் தமிழ்த்தொடரிலும் உறுதி தளர்ந்து எதிர்பார்ப்பே மேலோங்குவது ஒப்புநோக்கத்தக்கது.

வேற்றுமைப் பயன்பாடு

நம்பப்படும் செய்தி இலத்தீனில் இரண்டாம் வேற்றுமைக்கு இணையான வடிவத்தையும், நம்பப்படும் ஆள் தமிழின் நான்காம் வேற்றுமைக்கு இணையான வடிவத்தையும் ஏற்கும். கிறித்தவ இலத்தீனில் ‘இன்’ என்னும் முன்னிடைச்சொல்லோடு மூன்றாம் அமைப்பும் வழங்குகிறது:

1. கிரேதெரே தேயும் – கடவுள் உளர் என ஏற்றல்.
2. கிரேதெரே தேயோ – கடவுள் கூறுவதை மெய்யென ஏற்றல்.
3. கிரேதெரே இன் தேயும் – கடவுளிடம் தன்னை ஒப்படைத்துப் பற்றிக்கொள்ளல்.

அலகைகளும் முதலிரண்டைச் செய்யக்கூடும். மூன்றாவதே மீட்புக்குரியது என்பது அகுஸ்தீனார் விளக்கத்தின் சாரம். தமிழில் ‘உனக்கு நம்புகிறேன்’ என்பது வழக்கன்று. ‘விசுவசி’, ‘நம்பு’ ஆகிய இரண்டும் ஆளைக் குறிக்கையிலும் ‘ஐ’ உருபையே கொள்கின்றன. எனவே ‘இறைவனை நம்பு’ என்னும் தொடரில் பின்னிரு பொருள்களும் ஒன்றாகிவிடுகின்றன. ‘இறைவன்மீது நம்பிக்கை வை’ என்னும் அமைப்பே மூன்றாம் பொருளுக்கு நெருங்கியது.

தமிழாக்கமும் பொருள்மாற்றமும்

பழைய கத்தோலிக்க வழக்கில் மூன்று இறைப்புண்ணியங்கள் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் எனப்பட்டன. அங்கு ‘ஃபீதெஸ்’ என்பதற்கு விசுவாசமும், வருவதை எதிர்பார்க்கும் ‘ஸ்பெஸ்’ என்பதற்கு நம்பிக்கையும் பெயர்ப்புகள். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என அமைந்தன. முன்னர் ‘ஸ்பெஸ்’ என்பதைச் சுட்டிய ‘நம்பிக்கை’ இங்கு ‘ஃபீதெஸ்’ என்பதைச் சுட்டுகிறது. பேச்சுவழக்கிலோ ‘விசுவாசம்’ நன்றியுணர்வையும் பற்றுறுதியையும் குறிக்கிறது.

முடிவுரை

‘கிரேதோ’ என்னும் ஒரு வினைக்குத் தமிழில் ‘விசுவசி’, ‘நம்பு’ என இரு பெயர்ப்புகள் வழங்கியமை சொல்மாற்றம் மட்டுமன்று. ஒரு சொற்றொகுதியே இடம்பெயர்ந்த நிகழ்வாகும். பழைய செபநூலில் வரும் ‘நம்பிக்கை’க்கு இன்றைய பொருளைக் கொள்வோர் ஒரு புண்ணியத்தை மற்றொன்றாகப் படித்துவிடுவர். ஆவூர் போன்ற தளங்களின் செபநூல்களையும் ஏடுகளையும் பதிப்பிப்போர், ஒவ்வோர் ஆட்சிக்கும் உரிய இலத்தீன் மூலத்தை உறுதிசெய்து காலக்குறிப்புடன் பொருள் தருதல் இப்பிழையைத் தவிர்க்கும்.