ஒரு கடைக்கு எத்தனை பெயர்?

வீட்டிலே அம்பி, பள்ளிக்கூட ரிஜிஸ்தரிலே வெங்கடராமன், ஆபீஸிலே வி. ராமன் - இப்படி மூன்று பெயருடன் உலவும் ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். எந்தப் பெயருக்குக் கடிதம் வந்தாலும் தபால்காரர் ஒரே வாசலில் கொண்டு வந்து போட்டு விடுவார். அதே மனிதர் மூன்று தெருவில் மூன்று வீடு வைத்துக் கொண்டாலோ? தபால்காரர் பாடு திண்டாட்டந்தான்!

இணையத்தில் வியாபாரம் செய்கிற சிலர் இந்தத் திண்டாட்டத்தைக் காசு கொடுத்தே வாங்குகிறார்கள்.

காஞ்சிபுரத்தில் பட்டு விற்கும் ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். கடைப் பெயரில் ஓர் இணையதளம் இருக்கிறது. "பட்டு, புடவை, காஞ்சி என்றெல்லாம் வருகிற மாதிரி இன்னும் நாலு பெயர் வாங்கிப் போடுங்கள், ஸார்! யார் எதைத் தேடினாலும் நீங்கள்தான் முதலில்!" என்று ஒருவர் ஆசை காட்டுகிறார். இவரும் வாங்குகிறார். ஐந்து பெயரிலும் அதே புடவை, அதே படம். வருஷா வருஷம் ஐந்துக்கும் பணம் கட்டுகிறார்.

பலன் என்ன? 1998-ல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகிளைத் தொடங்கியபோது, ஒரு தளத்தை மற்றத் தளங்கள் சுட்டிக் காட்டுவதை நற்சாட்சியாக எண்ணிக் கொண்டார்கள். இன்று வேறு பல விஷயங்களையும் பார்க்கிறார்கள். ஆனாலும் அந்தச் சாட்சிக்கு மதிப்பு உண்டு. ஒரே தளத்துக்குச் சேர வேண்டிய சாட்சி ஐந்தாகச் சிதறினால் நஷ்டம் யாருக்கு?

ஒரே சரக்கு ஐந்து இடத்தில் இருந்தால் கூகிள் தண்டிப்பதில்லை. ஒன்றை மட்டும் பொறுக்கிக் காட்டும். அது கடைக்காரர் விரும்பிய பெயராக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை! தேடுகிறவர்களை வளைத்துப் பிடிக்கவே பல தளங்களை வைத்தாலோ, அது விதிமீறல். பட்டியலிலிருந்தே நீக்கி விடலாம். தேடும் சொல்லையே பெயராக வைத்த மட்டமான தளங்களை 2012 செப்டம்பரிலேயே கூகிள் கீழே இறக்கிவிட்டது.

அப்படியானால் பல பெயர் வாங்குவதே பிசகா? இல்லை. போலிகள் புகாமலிருக்கவும், எழுத்துப் பிழையோடு தட்டுகிறவர்கள் வழி தவறாமலிருக்கவும் வாங்கலாம். '.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் பெயரும் கிடைக்கிறது. ஆனால் எல்லாப் பெயரும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இதற்கு '301' என்று ஒரு குறி உண்டு. வீடு மாறியவர் தபாலாபீஸில் புது விலாசம் எழுதிக் கொடுப்பது போல! '302' என்பது கோடை விடுமுறைக்குப் பிறந்தகம் போவது மாதிரி - தற்காலிகம். நிரந்தரமாக மாறுகிறவருக்கு அது உதவாது.

பழைய பெயரைக் கைகழுவ அவசரப்படாதீர்கள். திருப்பத்தை ஒரு வருஷமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகிள். காலாவதியான பெயரை வேறொருவர் வாங்கிச் சூதாட்டக் கடை விரித்தால், உங்கள் பழைய வாடிக்கைக்காரர் அங்கே போய் நிற்பார்!

கூகிளே என்ன செய்தது, தெரியுமா? நாட்டுக்கு நாடு தனிப் பெயர் வைத்திருந்த அது, அவற்றையெல்லாம் 'கூகிள்.காம்' என்ற ஒரே வாசலுக்குத் திருப்பப் போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது.

உங்களுக்கும் நாலைந்து பெயர் இருக்கிறதா? இன்றிரவே ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே வாசலில் கொண்டு வந்து விட்டால், நிம்மதியாகத் தூங்கலாம்.